மெஸ்ஸை விட்ட மாதம்

"இந்த மாசம் முடிஞ்சா நான் வீட்டுக்குப் போறேன் மக்கா" என்று அவள் சொன்னபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாய் நிறைய நுரையோடு "ஏன்?" என்று கேட்டேன். துப்பிவிட்டு வருவதற்குள் அவளே பதிலும் சொல்லிவிட்டாள். மழை விடவே இல்லை. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டு நின்றுபோய், அப்பாவுக்கு வேலை இல்லை. அறை வாடகை கொடுத்தால் மெஸ்ஸுக்குக் காசில்லை, மெஸ்ஸுக்குக் கொடுத்தால் வாடகைக்கு இல்லை.

நாகர்கோவிலில் ஒரு மாடியில் வரிசையாக நான்கு அறைகள். அதில் ஒன்றில் நானும் அவளும். இரண்டு பேரும் எம்.எஸ்சி. வேதியியல், கடைசி வருடம். அவள் வீடு மேற்கே, கேரள எல்லைக்குப் பக்கம். அங்கிருந்து தினமும் வந்துபோனால் லேபில் மாலை வரை நிற்க முடியாது, மூன்று மணிக்கே பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அவள் புராஜெக்ட்டில் ஒவ்வொரு வினையும் முடிய இருட்டிவிடும். அதனால் அதை விட்டுவிட்டு, நூலகத்தில் உட்கார்ந்து எழுதுகிற மாதிரி எதையாவது எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். இரண்டாம் வருடம் பி.எஸ்சி. படிக்கும்போதே அந்தப் புராஜெக்ட்டைப் பற்றிப் பேசத் தொடங்கியவள் அவள்.

என்னால் உட்கார முடியவில்லை. அறை சிறியது, நடந்தால் நாலெட்டில் சுவர். நடந்தேன்.

"வாடகையைக் குறைக்க முடியாது. மெஸ்ஸைக் குறைக்கலாம். குறைக்கலாம் என்ன, விட்டுடலாம். நாமளே சமைப்போம்."

"ஒனக்கு சமைக்கத் தெரியுமா?"

"யூடியூப் இருக்கு."

அவள் போர்வையை உதறி மடித்து வைத்தாள். அது சம்மதம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

மறுநாளே மெஸ்காரரிடம் கேரியர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சுசீந்திரத்தில் எங்கள் வீட்டிலிருந்து அரிசியும் தேங்காயும் வந்தன. அவள் ஊரிலிருந்து மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு. காய்கறிக்கு வடசேரி சந்தையில் கடை கட்டுகிற நேரமாகப் பார்த்துப் போனேன். மலிவாகக் கிடைக்கிறது என்று ஒரு மூட்டை தக்காளி வாங்கி, அதில் பாதி அழுகிப்போனது. அடுத்து சுண்டல், அடுத்து முட்டை. ஒரு வாரத்தில் மூன்று திட்டம் போட்டு மூன்றையும் மாற்றினேன். அவள் பொறுமையாக எல்லாவற்றையும் சாப்பிட்டாள். பிறகு ஒரு நாள் சாயங்காலம் அவளை ரோட்டோர ஓட்டலில் பார்த்தேன். முன்னால் சோறும் பொரித்த மீனும்.

"மீன் இல்லாம எனக்கு சோறு எறங்காது மக்கா. நாலு நாளு பாத்தேன்" என்றாள், திருடி மாட்டியவள் போல.

அப்படியென்றால் காசு ஒழுகுகிற ஓட்டை மீன்தான். ஓட்டையை அடைத்தால் போதும். டவுனில் மீன் விலை எங்களுக்குக் கட்டாது. ஆனால் கடற்கரையில் படகு வந்து இறங்குகிற இடத்தில் வாங்கினால்? டவுன் பஸ் பெண்களுக்கு இலவசம். செலவு என்று எதுவுமே இல்லை!

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவளை இழுத்துக்கொண்டு கடியப்பட்டணம் கடற்கரைக்குப் போனேன். கரையில் ஒரு ஆள் இல்லை. படகுகளெல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன. கிறிஸ்தவக் கோயில் மணி அடித்தது, நல்ல சேலை கட்டிய பெண்கள் பூசை முடிந்து வந்தார்கள். வெள்ளை வேட்டிக்காரர் ஒருவரிடம் மீன் எப்போது வரும் என்று கேட்டேன். அவர் எங்கள் பையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை எவன் பிள்ளே கடலுக்குப் போவான்? நீங்க எந்தூரு?"

திரும்பி வரும் பஸ்ஸில் மணவாளக்குறிச்சி தாண்டும் வரை அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாதத்தில் பாதி போயிருந்தது. அவள் ஒவ்வொன்றாகப் புத்தகங்களை அட்டைப்பெட்டிக்குள் வைக்கத் தொடங்கியிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை முதல் பஸ்ஸிலேயே போனோம். கரை கலகலத்துக் கிடந்தது. விரித்த தார்ப்பாயில் சாளை மீன் குவிந்து மின்னியது. சுற்றி மீன்காரிகளும் வண்டி வியாபாரிகளும். ஏலம் விடுகிறவர் ஒரு விலையைச் சொல்லிச் சொல்லி நின்றார். யாரும் வாய் திறக்கவில்லை. ஒருத்தி வானத்தைப் பார்த்தாள், ஒருத்தி வெற்றிலையை மடித்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தெருவுக்கு மீன்காரம்மா வந்தால் முதலில் கூப்பிடுகிற வீட்டில்தான் பேரம் நடக்கும். அந்த வீட்டில் எந்த விலைக்குப் படிகிறதோ அதுதான் தெரு முழுக்க. பிறகு அவரவர் வந்து ஒரு கூறு, இரண்டு கூறு என்று வாங்கிக்கொள்வார்கள். கடற்கரையிலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். யாராவது ஒரு விலையைச் சொல்லி முடித்தால் எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம், எங்களுக்கும் ஒரு கூறு கிடைக்கும். ஏன் இப்படி மசமசவென்று நிற்கிறார்கள்? பொறுக்க முடியாமல் ஐம்பது ரூபாய் கூட்டி நானே சொன்னேன். சத்தமாக.

ஏலக்காரர் மூன்று தரம் சொல்லி முடித்துவிட்டார்.

"எடு பிள்ளே. ஒனக்குத்தான்."

"எனக்கு ஒரு கூறு போதும் அண்ணே."

கரையே சிரித்தது. "கூறா? மொத்தமும் ஒனக்கு. கேட்டா கேட்டதுதான். இல்லேன்னா ஏலத்துல எதுக்கு வாயைத் தொறந்த?"

பக்கத்தில் நின்ற மீன்காரி என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். "யாருட்டி இது, கல்யாண வீட்டுக்கா? பயப்படாத. பாதியை நான் எடுக்கேன். எனக்கும் நீ கேட்ட வெலைதான், ஒத்தப் பைசா கூட்டித் தரமாட்டேன்."

பாதி போன பிறகும் மிச்சம் எங்கள் துணிக்கடைப் பை இரண்டிலும் பிதுங்கியது. மாதம் முழுவதும் மீனுக்கென்று வைத்திருந்த காசை ஃபோனில் அனுப்பினேன். அது போதாமல் அவளும் தன் ஃபோனை எடுத்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

பஸ்ஸில் பை சொட்டியது. கண்டக்டர் மூக்கைச் சுளித்தார். "ஒங்க ரெண்டு பேருக்கும் ஃப்ரீ. மீனுக்கு ஃப்ரீ இல்ல. லக்கேஜ் எடுக்கணும்."

அறைக்கு வந்ததும் மறுபடியும் சுவருக்குச் சுவர் நடக்கத் தொடங்கினேன். எங்களிடம் ஃபிரிட்ஜ் கிடையாது. "உப்புப் போட்டு மொட்டைமாடியில காயவைப்போம். இல்ல, ஸ்டேட்டஸ்ல போட்டு வித்துடுவோம். இல்ல, டிபார்ட்மெண்ட் வாட்ச்மேன் அண்ணன்கிட்ட..."

"ஏட்டி. கொஞ்ச நேரம் வாயைப் பொத்துவியா?"

அவள் சுடிதாரை ஏற்றிச் செருகிக்கொண்டு வெளிக்குழாயடியில் உட்கார்ந்தாள். கத்தரிக்கோலால் தலையை வெட்டி, குடலை எடுத்து, சட்டியில் போட்டாள். அவள் கை போன வேகத்துக்கு என்னால் செதிளைக்கூடப் பொறுக்க முடியவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த குடம்புளியை ஊறவைத்தாள், தேங்காயை அரைக்க என்னை விட்டாள். கறி கொதித்ததும் முதல் அறைக் கதவு திறந்தது. அதில் நர்ஸிங் படிக்கும் இரண்டு பேர்.

"எவட்டி அது, மனுசியைப் படிக்க விடாம மீன்கறி வைக்கது?"

அதற்கடுத்த அறையில் பேங்க் பரீட்சைக்குப் படிக்கிற அக்காவும் தட்டோடு வந்தார். ஒரு வாய் வைத்துவிட்டு, "மெஸ்ஸுல மீன்கறின்னு மஞ்சத்தண்ணி ஊத்துகான். அதுக்குக் குடுக்க காசை ஒங்களுக்குத் தாறேன். எனக்கும் சேத்து வைப்பியளா?" என்று கேட்டார். நர்ஸிங் பிள்ளைகள், "எங்களுக்கும்" என்றார்கள்.

நான் அங்கேயே வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்துவிட்டேன். குரூப்புக்குப் பெயர், வார மெனு, கடைசி அறையையும் சேர்ப்பது, கீழ்வீட்டுக்கும் விற்பது... அவள் கரண்டியால் சட்டி விளிம்பில் ஒரு தட்டு தட்டினாள்.

"விக்காண்டாம். அஞ்சு பேரும் ஒரே அடுப்பு. கேஸு, எண்ணெய், தேங்கா எல்லாம் அஞ்சா பிரிப்போம். ஆளுக்கொரு நாளு சமையல். மீனு சனிக்கிழமை, கரையில போயி மொத்தமா எடுப்போம். நீயும் வரலாம்." என் பக்கம் திரும்பினாள். "ஆனா வாயைத் தொறக்கப்பிடாது."

அந்தச் செலவு அவளுக்குத் தாங்குமா என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். தாங்கும்போல் இருந்தது. தாங்காமலும் போகலாம். கேட்கலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருக்கும்போதே அவள் ஃபோன் அடித்தது. அவளுடைய அம்மா. அவள் கையெல்லாம் மிளகாய், அதனால் நான்தான் ஃபோனை அவள் காதில் வைத்துப் பிடித்தேன். அம்மாவின் குரல் எனக்கும் கேட்டது.

"சாமானெல்லாம் எப்பம் எடுக்க? அப்பா ஆட்டோக்காரனுக்கிட்ட சொல்லணும் பாத்துக்கோ."

அவள் அடுப்பைப் பார்த்தாள். அட்டைப்பெட்டியைப் பார்த்தாள். நான் ஃபோனை இன்னும் நெருக்கிப் பிடித்தேன், அது அவள் கம்மலில் இடித்தது.

"ஆட்டோ சொல்லாண்டாம்மா. எனக்க லேபு முடியல்ல. இன்னும் ரெண்டு மாசம் பாக்கேன். அதுக்குப் பொறவு என்னன்னு தெரியாது." அம்மா ஏதோ கேட்டார். "காசு கேக்கமாட்டேன். அடுப்புல கறி கெடக்கு, பொறவு விளிக்கேன்."

நான் அழைப்பைத் துண்டித்துவிட்டு வாயைத் திறந்தேன்.

"ஒண்ணும் கேக்காத" என்றாள். "உப்பு பாரு."