முகப்பில் அடுத்த வருஷம்

நண்பன் வைத்தி மாம்பலத்தில் வீடு கட்டியிருக்கிறான். இன்று காலை கிரகப்பிரவேசம். போய்விட்டு இப்போதுதான் மயிலாப்பூர் திரும்பினேன்.

இது 1929, கார்த்திகை மாதம். வீட்டு முகப்பில் கொத்தனார் சுண்ணாம்புக் காரையில் எழுப்பியிருப்பதோ 1930.

வைத்தியின் ஏற்பாடுதான் அது. "இருபத்தொன்பது பார்க்க அரைகுறையா இருக்குடா. முப்பதுன்னா முழுசா இருக்கு" என்று போன வாரம் என்னிடம் முகப்பைக் காட்டிச் சொன்னான். அதற்காகத் தை பிறந்த பிறகுதான் குடிபோவது என்றும் தீர்மானித்திருந்தான்.

அவன் மனைவி ஜானகி, ஒரே குழாயை ஐந்து குடித்தனங்களோடு பங்குபோட்டு அலுத்தவள். "இன்னும் ரெண்டு மாசம் அந்தக் குழாயடியில நான் நிக்கணுமா?" என்றாள்.

வைத்தி கொத்தனாரைப் பார்த்தான்.

"என்னை இன்னாத்துக்கு சாமி பாக்குறே? காரை காஞ்சிபோச்சு. இனிமே மாத்த முடியாது" என்று அவர் கை கழுவப் போய்விட்டார்.

"மாத்தவே வேண்டாம்" என்றாள் ஜானகி. "முப்பதாவே இருக்கட்டும். நான் இருபத்தொன்பதிலேயே குடி வந்துடறேன். பின்னால பார்க்கறவா, வீடு கட்டறதுக்கு முன்னாடியே இவா குடியிருந்திருக்கா போலிருக்குன்னு நினைச்சுக்கட்டும்."

இன்று அவள்தான் பால் காய்ச்சினாள். வைத்தி வாசலில் நின்று, வந்தவர்கள் யாரும் தலை நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவசர அவசரமாக உள்ளே அழைத்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வருஷத்து வீட்டில் இன்றைக்கே காப்பி குடித்தாயிற்று. நன்றாகத்தான் இருந்தது.

இதை நம் வாசகசாலைப் பலகையில் ஒட்டுகிறேன். உங்கள் வீட்டு முகப்பில் இருக்கும் வருஷம் நிஜந்தானா என்று கீழே எழுதுங்கள். இடம் தாராளமாக விட்டிருக்கிறேன்.