அல்ஹாஜி லவ்வாலி நலம் விசாரிக்கிறார்

மறுபடியும் காரை நிறுத்தச் சொல்கிறார் அல்ஹாஜி லவ்வாலி. போன வருடம் மார்கழி, பாலைவனக் காற்றின் தூசி ஊரையே மூடியிருக்கும் காலை. சாலையோரம் கம்பங்கூழ் விற்கும் பெண் அந்தத் தூசிக்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிகிறாள். இவர் கண்ணாடியை இறக்கி ஆரம்பிக்கிறார். ராத்திரி எப்படி, வீட்டில் எப்படி, களைப்பு எப்படி, குளிர் எப்படி, வெள்ளாட்டுக்கு இருமல் நின்றதா. எல்லாவற்றுக்கும் அவள் "சுகம்" என்கிறாள். ஆட்டுக்கு இன்னும் இருமல்தான் என்பது அப்புறம் மெதுவாக வெளியே வருகிறது. எங்கள் பக்கத்து முறை அது. எந்தச் சேதியும் சுகத்துக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்கும்.

நான் மாநிலச் சட்டமன்றத்தில் குறிப்பெடுக்கும் எழுத்தர். எங்கள் இருவருக்கும் ஊர் ரூவன் கோரா. வாரா வாரம் அவர் காரில் தொற்றிக்கொண்டு தலைநகர் போகிறேன். இரண்டு மணி நேரப் பாதை. இவரோடு போனால் ஐந்து. முன்சீட்டில் அரைத் தூக்கத்தில் கிடக்கும் எனக்கு அந்த விசாரிப்புகள் எல்லாம் ஒரே நீளக் கனவாகக் கேட்கும். எந்த ஊரில் தொடங்கிற்று, எந்த ஊரில் முடிந்தது என்று தெரியாது.

அரசியலுக்கு வருமுன் இருபது வருடம் சைக்கிளில் குக்கிராமம் குக்கிராமமாகப் போய் மாடுகளுக்கு ஊசி போட்டவர். அதனால் மாடுகளின் பெயர்கள் அத்துப்படி. மாட்டுக்காரனின் பெயர்தான் சில சமயம் நழுவிவிடும். முதல் தேர்தலில் தோற்றார். மறுநாள் விடிந்ததும் ஜெயித்தவர் வீட்டுக்குப் போய், பிரசாரக் களைப்பெல்லாம் தீர்ந்ததா என்று உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தார். அடுத்த இரண்டு தேர்தலிலும் ஜனங்கள் அவரை அள்ளிக்கொண்டு போய் ஜெயிக்க வைத்தார்கள். மேடையில் அவர் என்ன வாக்குறுதி கொடுத்தார் என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது.

சட்டமன்றத்தில்தான் சிக்கல். அங்கே ஓர் உறுப்பினருக்கு மூன்று நிமிடம். இவர் எழுந்து, தொளதொளத்த அங்கியின் கைகளைத் தோளில் மடித்துப் போட்டு, சபாநாயகரின் உடல்நலத்தில் தொடங்குவார். பிறகு ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, கதவருகே நிற்கும் காவலர், கடைசியாக நான். தொண்டையைச் செருமி, "எங்க துங்கர் கிவா ஆத்துக்கு ஒரு பாலம்..." என்னும்போது மணி அடித்துவிடும். ஏழு வருடமாக என் குறிப்பேட்டில் அந்தப் பாலம் பாதி வாக்கியத்தில் நிற்கிறது.

"அல்ஹாஜி, எங்க முப்பாட்டன் வரைக்கும் நலம் கேட்டாச்சு. தொகுதிக்கு என்ன வேணும்னு அடுத்த வருஷம் சொல்லிக்கலாம்" என்று எதிர்வரிசையில் கிண்டலடிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, நாங்கள் புறப்படும் நேரம், ஆற்றுக்கு அக்கரை ஊரான துங்கர் கிவாவிலிருந்து மாந்தே என்பவன் தன் தம்பியை அனுப்பியிருந்தான். தம்பி மரியாதையாகக் குந்தி உட்கார்ந்து, எல்லாம் சுகம் என்று சொல்லிவிட்டு, "அண்ணன் ஆத்தங்கரையில இருக்காரு. உங்க வண்டி வேணுமாம். தோதுப்பட்டப்போ வந்தாப் போதும்" என்றான். இவர் அப்போதே கிளம்பினார். ஆனால் வழியில் ஆட்கள் இவரைக் கண்டு நலம் சொல்ல எழுந்து நின்றார்கள். எழுந்து நின்றவர்களை இவர் எப்படித் தாண்டிப் போவார்? கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது.

மாந்தே மணலில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போர்வைக்குள் ஓர் உருவம் படுத்திருந்தது. இவர் வழக்கம்போல வீட்டில் எப்படி என்றார்.

"சுகந்தான் அல்ஹாஜி" என்றான் மாந்தே. மனைவியின் மேலிருந்த போர்வையை இழுத்துச் சரிசெய்து, "ஹூரேரா போயிட்டா. புள்ளையும் வெளிய வரல. படகுல இந்தக் கரைக்குக் கொண்டாந்து சேத்துட்டோம். ஆஸ்பத்திரிக்குத்தான் வண்டி இல்ல" என்றான்.

அவன் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதன்பின் அல்ஹாஜி யாரைப் பார்த்தாலும் "அவசரம் ஒண்ணும் இல்லையே?" என்றுதான் தொடங்குகிறார். ராத்திரியும் குளிரும் ஆடும் அதற்கப்புறம்தான். கேட்கும்போது எதிராளியின் முகத்தையே பார்க்கிறார்.

இந்த மார்கழித் தூசியில் வரவு செலவுத் திட்டத்தின் கடைசி நாள் வந்தது. அடுத்த தேர்தலில் கட்சி இவரை நிறுத்தப் போவதில்லை என்று ஊருக்கே தெரியும். பாலம் இன்று சேர்ந்தால் உண்டு. ஜன்னல்களெல்லாம் வெளுத்துப்போய், மன்றம் பகலிலேயே கண்ணயர்ந்திருந்தது. பெயர் அழைத்ததும் இவர் எழுந்தார். சபாநாயகர் தம் நலத்தைச் சொல்லத் தயாராக நிமிர்ந்தார்.

இவர் நலம் கேட்கவில்லை.

எங்களில் ஒருவன் நலம் கேட்காமல் வாய் திறந்தால் ஏதோ பெருங்கேடு என்று அர்த்தம். கண்ணயர்ந்தவர்கள் எல்லாம் விழித்துக்கொண்டார்கள். என் பேனா நின்றுவிட்டது.

"துங்கர் கிவா மாந்தேயோட சம்சாரம் ஹூரேரா செத்துப்போச்சு. வயித்துல புள்ளையோட. என் வண்டிக்காகக் கரையில கிடந்துச்சு. நான் வழியெல்லாம் நலம் விசாரிச்சுக்கிட்டே போனேன். பாலம் இருந்தா எந்த வண்டியும் அவங்க வீட்டு வாசலுக்கே போயிருக்கும். என்னை நம்பி ஒரு ஊரு கரையில காத்துக் கிடக்கக் கூடாதுங்க. கட்டிக் குடுங்க."

உட்கார்ந்துவிட்டார். மணி அடிக்க இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது.

ஆதரிப்பவர்கள் கை உயர்த்தலாம் என்றார் சபாநாயகர். நான் எண்ணத் தொடங்கினேன். கிண்டல் வரிசையிலும் ஒரு கை பாக்கியில்லாமல் உயர்ந்துவிட்டது. கேட்டவரின் கை மட்டும் கணக்கில் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் தலை குனிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் முகத்தெதிரே ஏந்திக்கொண்டு, இறந்தவளுக்காகப் பிரார்த்தித்துக்கொண்டிருந்தார். உதடுகள் மட்டும் அசைந்தன. அவர் பக்கத்திலிருந்தவர் உயர்த்திய கையை இறக்கி, மற்றக் கையோடு சேர்த்து ஏந்தினார். பிறகு அடுத்தவர். அப்படியே வரிசை வரிசையாக, உயர்ந்த கைகள் எல்லாம் இறங்கி உள்ளங்கைகளாக விரிந்தன. சபாநாயகரும் ஏந்தினார். நான் எண்ணுவதை விட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன்.