சுமித்ராவும் முடி நிற்கிற மெஷினும்

கரண்ட் என்றால் சுமித்ராவுக்கு ஜென்மப் பகை. வீட்டில் சுவிட்ச் போடுவதென்றால் கையால் தொட மாட்டாள். அகப்பைக் காம்பால் ஒரு தட்டு. பல்ப் போய்விட்டால் புருஷன் கிருஷாந்த் வேலை விட்டு வரும்வரை இருட்டிலேயே சமைப்பாள். தூரத்தில் இடி உருண்டாலே டீவி வயரைப் பிடுங்கச் சொல்லி லயத்து வரிசை வீடு முழுக்கக் கேட்கக் கத்துவாள். காரணம் இல்லாமல் இல்லை. அவள் சின்னப் பிள்ளையாய் இருந்தபோது, ஒரு மழை நாளில், கூரைத் தகரத்தில் கரண்ட் இறங்கி, பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரரின் ஆடு கட்டின இடத்திலேயே விறைத்துப் போனது. "ஒரு சத்தம்கூடப் போடலீங்க, அப்பிடியே நின்னுச்சு, அப்பிடியே விழுந்துச்சு" என்று இன்றைக்கும் ஆள் கிடைத்தால் சொல்வாள்.

மற்றபடி அவள் கோழை இல்லை. தெரணியகலைக்கு மேலே றப்பர் மலையில் பால் வெட்டுகிறவள். அட்டை கடித்தால் தட்டிவிட்டு நடப்பாள். பாம்பைக் கண்டால் "போடா அங்கிட்டு" என்பாள். கணக்கப்பிள்ளை குரலை உயர்த்தினால் இவள் அதற்கு மேலே உயர்த்துவாள். கரண்ட் ஒன்றுக்குத்தான் பயம். அந்தப் பயம்தான் பெற்ற மகளுக்கும் அவளுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

நடந்தது இதுதான். போன வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கொழும்பிலுள்ள விஞ்ஞானக் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போக ஏற்பாடு செய்தார்கள். அங்கே எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கலாமாம், திருகிப் பார்க்கலாமாம். அதிலும் ஒரு பெரிய வெள்ளிப் பந்து இருக்கிறதாம். அதில் கையை வைத்தால் தலைமுடி அத்தனையும் எழும்பி நிற்குமாம். பிள்ளைகள் அதற்கு 'முடி நிக்கிற மெஷின்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். மகள் யதுர்ஷிகா மூச்சு விடாமல் இதைச் சொல்லி முடித்ததும் சுமித்ரா கேட்டது ஒரே கேள்வி: "அது எதுலடி ஓடுது?"

"கரண்டுலதான்."

முடிந்தது கதை. "கரண்டுல கைய வைக்கிறதுக்கு எம் புள்ளய அனுப்பணுமா? அந்த டீச்சருக்குப் புள்ள குட்டி இல்லியா?" என்று குதித்தாள். யது அழுதாள், சாப்பிடாமல் படுத்தாள், கெஞ்சினாள். கிருஷாந்தும் இரண்டு வார்த்தை சொல்லிப் பார்த்தான். சுமித்ரா பிடித்த பிடியை விடவில்லை. வகுப்பே போய்விட்டு வந்தது, யது போகவில்லை. டீச்சர் படங்களைப் பெரிதாக அச்சடித்து வகுப்புச் சுவரில் ஒட்டினார். ஒவ்வொரு பிள்ளைக்கும் முடி நட்டுக்கொண்டு நிற்கிறது. யதுவின் படம் மட்டும் இல்லை.

அதற்குப் பிறகு யது அழவில்லை, சண்டையும் போடவில்லை. கேட்பதையே நிறுத்திவிட்டாள். தீபாவளிக்கு என்ன சட்டை வேண்டும் என்றால் "வேணாம்மா." கடையில் ஐஸ்கிரீம் என்றால் "வேணாம்மா." கோபமாகச் சொல்லியிருந்தாலாவது முதுகில் ஒன்று வைத்துவிட்டுக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம். இவளோ வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி அவ்வளவு மரியாதையாகச் சொன்னாள். சுமித்ரா ஒரு வருஷம் தாங்கிப் பார்த்தாள். ஒரு நாள் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "ஞாயித்துக்கெழம கொழும்புக்குப் போறோம். அந்த இழவு மெஷின நானே கூட்டிட்டுப் போயிக் காட்டுறேன்" என்றாள். யது நிமிர்ந்து பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஞாயிறு விடியுமுன்னே மகளை முழங்காலுக்கு நடுவில் உட்கார வைத்துத் தலைக்கு எண்ணெய் வைத்தாள். சும்மா தொட்டு வைக்கவில்லை. நெற்றியில் வழிய வழிய வைத்தாள். "பரட்டத் தலயோட கொழும்புல போயி நின்னா, தோட்டத்து ஆளுங்க இப்பிடித்தான்னு சொல்லுவானுங்க. சொல்ல விடுவேனா?" போத்தலைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் தட்டி எடுத்து மகளின் உச்சியில் தேய்த்தாள். இரட்டைப் பின்னல், சிவப்பு ரிப்பன். தன் தலைக்கு எண்ணெய் மிச்சமில்லை. முந்தின நாள் முழுகின முடியை அப்படியே அள்ளி இறுக்கிக் கொண்டை போட்டுக்கொண்டாள். தன்னை யார் பார்க்கப் போகிறார்கள்?

பஸ்ஸில் யது வாந்தி எடுப்பாள் என்று முகர்ந்து பார்க்கத் தேசிக்காய், பை எல்லாம் வைத்திருந்தாள். யது ஜன்னலோரம் கிண்ணென்று உட்கார்ந்திருந்தாள். தெஹியோவிட்ட வருமுன்னே வாந்தி எடுத்தது கிருஷாந்த். அதுவும் பையில் இல்லை, சுமித்ராவின் சேலையில். "கல்யாணத்துக்கு முன்னாடி நாலு வருஷம் கொழும்புல கடயில நின்ன ஆளு இவரு!" என்று ஈரக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே பல்லைக் கடித்தாள்.

அந்த நாலு வருஷம் அதோடு விட்டதா? "கொழும்பு எனக்கு உள்ளங்க மாதிரி" என்று சொல்லி, இறங்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்னாலேயே இறக்கிவிட்டான். உச்சி வெயில். கேட்ட ஆளெல்லாம் கையை நீட்டி "இஸ்ஸரஹாட்ட யன்ன" என்றார்கள், நேரே போங்கள் என்று. நேரே போனார்கள், போனார்கள், போய்க்கொண்டே இருந்தார்கள். யதுவின் நெற்றியில் எண்ணெயும் வேர்வையும் கலந்து கண்ணுக்குள் இறங்கியது.

"ஒரு த்ரீவீலப் புடிங்களேன்," என்றாள் சுமித்ரா.

"தோ, அந்த முக்குத்தான்."

"இதோட எத்தன முக்கு?"

ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தால், வாசலில் காவல்காரர் சாப்பாட்டுப் பையை உள்ளே விடவில்லை. விடியற்காலையில் சுட்ட ரொட்டியும் கட்டைச் சம்பலும் வாசல் அலமாரியில் தங்கிவிட்டன. உள்ளே போனால் திருகுகிற சக்கரம் பழுது. குரலைப் படமாய்க் காட்டுகிற பெட்டியும் பழுது. நீர்ச்சுழிக்குத் தண்ணீர் இல்லை. அங்கங்கே ஒரு கயிறு கட்டி அட்டை தொங்கியது. "இதத் தொடாதேன்னு சொல்றதுக்கா தொட்டுப் பாக்குற எடம்னு போட்டு வச்சிருக்காங்க?" என்று சுமித்ரா எரிந்து விழுந்தாள். யது எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்குத் தேவை வெள்ளிப் பந்து ஒன்றுதான், அது வேலை செய்தது. குளிரூட்டிய அறை, நடுவில் சின்ன மேடை, மேடையில் பந்து. முன்னால் பிள்ளைகள் வரிசை.

வரிசையில் நின்ற நேரம் முழுக்கச் சுமித்ரா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டே நின்றாள். பந்துக்குப் பக்கத்திலிருந்த இளைஞர் சிங்களத்தில், நான் சொல்லும்வரை கையை எடுக்கக் கூடாது என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் சொன்னார். ஒவ்வொரு பிள்ளைக்கும் முடி குபீரென்று எழும்பியது. சனம் கைதட்டியது. சுமித்ராவுக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் அந்த ஆடு கண்ணுக்குள் விழுந்தது.

யதுவின் முறை வந்தது. பின்னலை அவிழ்த்து, முக்காலியில் ஏறி, இரண்டு கையையும் வைத்தாள். மெஷின் உறுமியது. சுமித்ரா கண்ணை இறுக்கி மூடி, முருகனையும் மாரியம்மாவையும் ஒரே மூச்சில் கூப்பிட்டாள். கண்ணைத் திறந்து பார்த்தால் யது நிற்கிறாள், முடி நிற்கவில்லை. ஒரு மயிர்கூட அசையவில்லை. மண்டையோடு ஒட்டிப் பளபளவென்று கிடந்தது. இளைஞர் இன்னும் கொஞ்சம் கூட்டிப் பார்த்தார். பிறகு அணைத்துவிட்டு, யதுவின் தலையை விரலால் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்தார்.

"தெல் வெடியி, நங்கி."

எண்ணெய் அதிகமாம். சனம் சிரித்தது. ஒரு பையன் தன் தாயிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். யது இறங்கி வந்து, "பரவால்லம்மா. வேணாம்" என்றாள்.

அந்த 'வேணாம்' சுமித்ராவின் நெஞ்சில் ஏறி மிதித்தது. என்ன பிழைப்பு இது? வாந்தியைத் துடைத்து, வெயிலில் நடந்து, பட்டினி கிடந்து வந்தது இதற்கா? வழிய வழிய வைத்தது யார் கை? இந்தக் கைதானே! மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கழுவும் அறைக்குப் போனாள். பேசினில் தலையைக் குனிய வைத்து, சுவரில் இருந்த சவர்க்காரத்தை அமுக்கி அமுக்கி எடுத்து, அரக்கித் தேய்த்தாள். ஊர் விட்டு ஊர் வந்த இடத்தில் நடுப் பகலில் பிள்ளையின் தலையை நனைக்கிறவளா சுமித்ரா? சளி பிடிக்கும் என்று தூறலில்கூட முற்றத்துக்கு விடாதவள்! தரையெல்லாம் நுரை. துப்புரவு செய்கிற அம்மா ஓடி வந்து, "மொக்கத மே கரன்னே?" என்று சத்தம் போட்டார், என்ன செய்கிறாய் இங்கே என்று. சுமித்ரா சிங்களத்திலேயே திருப்பிக் கொட்டினாள். மகள், மெஷின், எண்ணெய், ஒரு வருஷம் என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாய் வந்து விழுந்தது. அந்த அம்மாவுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, கை உலர்த்துகிற காற்று மெஷினைக் காட்டினார்.

அதுவும் கரண்ட். சுமித்ரா ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, முழங்கையால் அதைத் தட்டினாள். ஊதியது, நின்றது. மறுபடி தட்டினாள். யதுவின் தலையை அதன் கீழே பிடித்துப் பிடித்து, அவள் கழுத்து வலிக்கிறது என்று சொல்லும்வரை ஊத வைத்தாள்.

கடைசி முறைக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள். யது ஏறினாள். மெஷின் உறுமியது. நெற்றியோரம் நாலைந்து பூனை முடி எட்டிப் பார்த்தது. மற்றதெல்லாம் நனைந்த கோழி இறகுபோலத் தொங்கியது. ஈரம் இருக்கிறது, சரிவராது என்றார் இளைஞர். பாவம், நல்ல மனிதர்தான். "அடுத்த கிழமை எண்ணெய் வைக்காமல் கூட்டி வாருங்கள்" என்று சிங்களத்தில் சொன்னார். அடுத்த கிழமையாம்! என்னமோ இவர்கள் எதிர்வீட்டில் குடியிருக்கிற மாதிரி. பிறகு சுமித்ராவின் கொண்டையைப் பார்த்து, "உங்கள் முடி காய்ந்துதானே இருக்கிறது? நீங்கள் ஏறுங்களேன்" என்றார்.

"நானா? நல்லாருக்கு!" சுமித்ரா இரண்டடி பின்னால் போனாள்.

யது முக்காலியை விட்டு இறங்கினாள். ஈரத் தலையோடு தாயின் முன்னால் வந்து நின்றாள்.

"நீங்க ஏறுங்கம்மா."

"எனக்கு எதுக்குடி இதெல்லாம்?"

"பயம்னு சொல்லித்தானே என்னய விடல? நீங்களே கைய வச்சுப் பாருங்க."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் சுமித்ராவுக்குச் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. கிருஷாந்த் சிரிக்க வாயைத் திறந்து, மனைவியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். சுமித்ரா கொண்டையைப் பிடுங்கி அவிழ்த்தாள். முக்காலியில் ஏறினாள். செத்தால் சாகிறேன் என்று பந்தின்மேல் கையை வைத்தாள்.

மெஷின் உறுமியது. சுமித்ரா காத்திருந்தாள். அடி விழும், உதறும், தூக்கி எறியும் என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. முகத்தில் ஏதோ மெல்ல ஊர்ந்தது. விடியலில் றப்பர் மரங்களுக்கு இடையில் நடக்கும்போது முகத்தில் ஒட்டுமே சிலந்தி வலை, அந்த மாதிரி. அவ்வளவுதான். சனம் 'ஹோ'வென்று கத்தியது. எண்ணெய் காணாத முடி, நரையும் கறுப்புமாய், நாலாபுறமும் விரிந்து நின்றது. தோட்டத்து ஆள் என்று எவனும் சொல்லிவிடக் கூடாதென்று பயந்த அதே பரட்டைத் தலை, கொழும்பின் நடுவில், மேடையில்! யது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கிருஷாந்த் போனில் படம் எடுத்தான்.

சுமித்ரா சிரிக்கவில்லை. "மெச்சரத, மல்லி?" என்று அந்த இளைஞரைக் கேட்டாள். இவ்வளவுதானா, தம்பி?

"இவ்வளவுதான், அக்கே."

இந்தச் சிலந்தி வலைக்கா பிள்ளையை ஒரு வருஷம் ஊமையாக்கினேன்? இதற்கா? அவளுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. மெஷின்மேலா, செத்துப்போன ஆட்டின்மேலா, தன்மேலேயா என்று தெரியவில்லை. இளைஞர் மெஷினை அணைத்து, கையை எடுக்கச் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் கிருஷாந்த் படத்தைக் காட்டி, "யது, இத டீச்சர்கிட்ட குடு, செவுத்துல ஒட்டட்டும்" என்றான். அவ்வளவுதான், அதுவரை அடங்கியிருந்த பிள்ளை வெடித்தது.

"அம்மா படத்த நான் எதுக்குக் குடுக்கணும்? எனக்கு நிக்கல! எனக்குத்தானே நிக்கணும்! திரும்பக் கூட்டிட்டுப் போங்க! எண்ணெ வைக்கக் கூடாது! சொல்லிட்டேன்!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. யது காலை உதைத்து, மூக்கு வடிய, வாய் விட்டு அழுதாள். கிருஷாந்த் வெட்கப்பட்டு, "ஏய், வாய மூடு, சனம் பாக்குது" என்று அதட்டினான்.

"நீங்க வாய மூடுங்க," என்றாள் சுமித்ரா. உடம்பெல்லாம் வலி, சேலையில் வாந்தி வாடை, காலையிலிருந்து பட்டினி. இருந்தும் மகள் அழுவதைக் காது குளிரக் கேட்டுக்கொண்டிருந்தாள். வேண்டும் என்று கேட்கிறாள். கேட்டுவிட்டாள்! மகளின் ஈரத் தலையை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"கூட்டிட்டுப் போறேன்டி."

"எண்ணெ?"

"ஒரு சொட்டு வைக்க மாட்டேன்."

கிருஷாந்துக்கு நம்ப முடியவில்லை. "பரட்டத் தலயோடயா கொழும்புக்குக் கூட்டிட்டுப் போவே?"

"பரட்டத் தலயோடதான்," என்றாள் சுமித்ரா.