ஆர்முடுகலும் நான்கு நாள் மௌனமும்

கேகாலையிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு வரும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நின்றுகொண்டேதான் வருவேன். கம்பியைப் பிடித்த கை, பக்கத்தில் நிற்பவரின் ஈரக்குடை, யாரோ வாங்கிப்போகும் கருவாட்டின் மணம். பஸ் ஒரே சீராக ஓடும்போது ஏதோ ஒரு அறைக்குள் நிற்பதுபோலத்தான் இருக்கும். வெளியே ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகப் பின்னால் போவதைப் பார்த்தால்தான் நாம் போகிறோம் என்பது தெரியும். கண்ணை மூடினால் அதுவும் இல்லை. பிறகு டிரைவர் பிரேக்கில் கால் வைப்பார். அந்த நொடியில்தான் உடம்பு விழித்துக்கொள்ளும். எல்லோரும் ஒன்றாக முன்னால் சாய்வோம். கண்டக்டர் அதையே சாக்காக வைத்து, "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட யன்ன" என்று சிங்களத்தில் கத்தி எங்களை இன்னும் முன்னுக்குத் தள்ளுவார்.

வேகம் உடம்புக்குத் தெரியாது, வேகம் மாறுவதுதான் தெரியும் என்பதை இத்தனை வருஷம் நின்றபடியே அனுபவித்திருக்கிறேன். அதற்கு ஆர்முடுகல் என்று ஒரு பெயர் இருப்பதையும், அது பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இருப்பதையும் என் மனைவி சொல்லித்தான் அறிந்தேன். அறிந்ததற்கு ஒரு விலையும் இருந்தது.

அவள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியை. படித்தது கலைப்பிரிவு. விஞ்ஞானம் படிக்க ஆசைப்பட்டவள்தான். அவள் காலத்தில் எங்கள் பக்கத்தில் உயர்தர விஞ்ஞானத்தைத் தமிழில் படிக்க வழியில்லை. மலைநாட்டுக்குப் போய் விடுதியில் தங்கவேண்டும். பொம்பளைப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப வீட்டில் மனசு வரவில்லை. அந்த ஆசையை அவள் எங்கே வைத்திருந்தாள் என்பது, கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் எனக்குத் தெரியாது. ஒரு நாள் பள்ளிக்கூடத்தின் ஒரே விஞ்ஞான ஆசிரியர் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போனார். அதிபர் புத்தகத்தை இவள் கையில் கொடுத்து, "பிள்ளைகளோட சேர்ந்து நீங்களும் படிங்க டீச்சர், வேற ஆள் இல்ல" என்றார். அன்று அவள் வீட்டுக்கு வந்த நடையே வேறு.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் கட்டிக்கொண்ட இரண்டு அறை வீட்டில் நாங்கள் இருவர்தான். காலையில் பால் ஸ்டோரில் நின்று, தொழிலாளிகள் வெட்டிக் கொண்டுவரும் ரப்பர் பாலை நிறுத்து எடுப்பது என் வேலை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஆபீஸ் வேலையாகக் கேகாலைக்குப் போய்வருவேன். பின்னேரம் அவள் சமையலறை மேசையில் புத்தகத்தை விரித்துவைத்திருப்பாள். நான் எதிரே இருந்து தேநீர் குடிப்பேன்.

"இங்க பாருங்க, செக்கன் ஏன் ரெண்டு தடவை வருது?"

"எங்க?"

"ஆர்முடுகலோட அலகுல. செக்கனுக்கு மீற்றர், பிறகு மறுபடியும் செக்கனுக்கு. ஒரு தடவை சொன்னா பத்தாதா?"

தோட்டத்து ஆபீஸ் கடிதமெல்லாம் எழுதுகிறவன் என்ற திமிரில் எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பேன். "அச்சுப் பிழையா இருக்கும்" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என்னிடம் விஞ்ஞானம் கேட்பதை நிறுத்திக்கொண்டாள்.

விடை அவளுக்குப் பஸ்ஸில் கிடைத்தது. ஒரு சனிக்கிழமை டிரைவருக்குப் பின்னால் என் பக்கத்தில் நின்று வேகமானியையே பார்த்துக்கொண்டு வந்தாள். அதிசயமாக அந்தப் பஸ்ஸில் முள் வேலை செய்தது. வாய்க்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். என்ன நோனா எண்ணுறீங்க என்று கண்டக்டர் சிங்களத்தில் கேட்டார். நீங்க எங்களை எத்தனை தடவை விழுத்துறீங்கன்னு எண்ணுறேன் என்று இவள் சிங்களத்திலேயே சொல்ல, முன் சீட்டுகளில் எல்லோரும் சிரித்தார்கள். இறங்கியதும் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பத்து, பதினஞ்சு, இருபது. ஒவ்வொரு செக்கனுக்கும் அஞ்சு கூடுது. வேகத்துக்குள்ளயே ஒரு காலம் இருக்கு. அந்த வேகம் கூடுறதுக்கு இன்னொரு காலம். அதான் ரெண்டு தடவை." பிறகு தன்னிடமே சொல்வதுபோல, "வளைவுல முள் அசையல. ஆனாலும் ஒங்க மேல சாஞ்சேன். திசை மாறினாலும் அது ஆர்முடுகல்தான்" என்றாள்.

அவ்வளவு மகிழ்ச்சியான முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பொறாமைபோல ஒன்று எனக்குள் அசைந்தது. எதன் மேல் பொறாமை என்று சொல்லத் தெரியவில்லை.

அந்த மாதத்தில்தான் செய்தி வந்தது. கல்வி வலயத்திலிருந்து விஞ்ஞான ஆலோசகர் ஒருவர் வந்து அவள் வகுப்பைப் பார்ப்பார். அவருக்குத் திருப்தியானால் மலைநாட்டிலுள்ள பயிற்சிக் கல்லூரிக்கு, விஞ்ஞானப் பிரிவுக்கு, பரிந்துரைப்பார். இரண்டு வருஷம் அங்கே விடுதியில் தங்கவேண்டும். திருப்தி இல்லையென்றால் இங்கேயே, இப்படியே. வயதெல்லை நெருங்கிவிட்டதால் அவளுக்கு இது கடைசி முறை.

"ஆர்முடுகலைத்தான் படிப்பிக்கப்போறேன்" என்றாள். "நல்லா செய்" என்றேன். இரண்டு வருஷம் என்ற சொல்லை நாங்கள் இருவருமே மேசையில் வைக்கவில்லை.

புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. ஓடும் தள்ளுவண்டியின் பின்னால் ஒரு காகித நாடா. ஒரு கருவி அதில் சம நேரத்துக்கொரு புள்ளி குத்துகிறது. வண்டி வேகமெடுக்க எடுக்கப் புள்ளிகள் தள்ளித் தள்ளி விழுகின்றன. அந்தக் கருவி பள்ளிக்கூடத்தில் இல்லை. அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "புள்ளி வைக்கத்தானே மெசின்? ரப்பர் பால் சொட்டாதா?" என்றாள்.

கறுப்புத் தார் ரோட்டில் வெள்ளைப் பால். அதைவிட நல்ல நாடா எங்கே கிடைக்கும். ஸ்டோரில் கழித்துப்போட்ட பேரிங் நான்கும் ஒரு பலகையும் எடுத்து வண்டி செய்தேன். பால் டின் ஒன்றின் அடியில் ஆணியால் துளையிட்டு வண்டியில் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலை, மரத்திலிருந்து இறங்கிய புதுப்பாலை ஊற்றி, ஸ்டோர் முன்னால் தொடங்கும் இறக்கத்தில் விட்டோம். முதலில் நாலு விரல் இடைவெளி. பிறகு ஒரு சாண். பிறகு ஒரு முழம். கீழே போகப்போக ஒரு எட்டு வைக்கும் தூரம். அவள் அளவு நாடாவோடு முழங்காலில் இருந்தபடியே இறக்கம் முழுவதும் நகர்ந்தாள். கோயிலுக்குப் போகும் பெண்கள் நின்றார்கள்.

"என்னா டீச்சர், ரோட்டுக்குக் கோலம் போடுறீங்களா?"

"நான் எங்க அக்கா போடுறேன், வண்டில்ல போடுது."

வேலை முடிந்து, ஸ்டோர் முற்றத்தின் சமதரையில் வண்டியை இழுத்துக்கொண்டு அவள் முன்னால் போனாள். டின் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரே சீரான நடை. நான் பின்னால் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அங்கேயும் இடைவெளி கூடிக்கொண்டே போனது.

குனிந்து டின்னைப் பார்த்தேன். துளையைச் சுற்றிப் பால் தோல்கட்டியிருந்தது. அமோனியா கலக்காத புதுப்பால். காற்றுப் பட்டால் உறையும். துளை சிறுத்துச் சொட்டு தாமதமாகிறது. அதாவது, வண்டி வேகமெடுத்தது பாதி உண்மை. மீதி, எங்கள் கடிகாரமே மெல்ல நின்றுகொண்டிருந்தது. விஷயம் தெரிந்தவர் யாரானாலும் முதலில் இதைத்தான் கேட்பார்: சமதரையில் இழுத்துக் காட்டுங்கள். காட்டினால் எல்லாம் அவிழ்ந்துவிடும்.

அவள் திரும்பி, "என்னா பாக்குறீங்க?" என்றாள்.

"ஒன்னுமில்ல" என்றேன்.

அந்த ஒன்றுமில்லை நான்கு நாள் எங்கள் வீட்டில் இருந்தது. நானே அதற்குச் சோறு போட்டு வைத்திருந்தேன். வஞ்சகம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. வாய் திறக்காமல் இருப்பது எப்படிக் குற்றமாகும் என்றுதான் நினைத்துக்கொண்டேன். அவள் கூந்தலை முடிந்துகொண்டு அடுப்புக்கு முன் நிற்பதைப் பார்ப்பேன். இந்த இடம் இரண்டு வருஷம் வெறுமையாக இருக்கும் என்று நினைப்பேன். தேநீர் ஆறிவிடும்.

அவளோ கட்டத்தாளோடு போராடினாள். ஒவ்வொரு இடைவெளியும் முந்தியதைவிட ஒரே அளவால் கூடவேண்டும், வரைந்தால் நேர்கோடு வரவேண்டும் என்று புத்தகம் சொன்னது. அவளுடைய கோடு மேல்நோக்கி வளைந்தது. அழித்தாள். மறுபடி குறித்தாள். வளைந்தது. வியாழக்கிழமை பின்னேரம் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"மூணு தடவை பாத்துட்டேன். நான்தான் எங்கயோ பிழை விட்டிருக்கேன். கலைப்பிரிவுப் புத்திக்கு இவ்வளவுதான் எட்டும் போல."

சத்தமில்லாமல் சொன்னாள். முன்பு விடுதிக்கு அனுப்ப மறுத்த நாளிலும் இப்படித்தான் சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். அவள் வீட்டார் நேராக மறுத்தார்கள். நான் தேநீர் குடித்துக்கொண்டே மறுத்துக்கொண்டிருக்கிறேன்.

"நில்லு" என்றேன். "பால் ஒறைஞ்சிருக்குமோ?"

அப்போதுதான் தோன்றியதுபோல நடித்தேன். அவள் கண் விரிந்தது. மறுநாள் ஸ்டோரிலிருந்து அமோனியா கொண்டுவந்து பாலில் கலந்தோம். முதலில் சமதரையில் இழுத்தாள்: ஒரே இடைவெளி, அச்சடித்ததுபோல. பிறகு இறக்கத்தில் விட்டோம். கட்டத்தாளில் கோடு நேராக எழுந்தது. அவள் அந்தத் தாளைச் சுவரில் ஒட்டினாள்.

திங்கட்கிழமை ஆலோசகர் வந்தார். சமதரையைப் பற்றித்தான் முதலில் கேட்டாராம். தைப்பொங்கல் கழிந்த வாரம், பயிற்சிக் கல்லூரிக்குப் போக அவளைக் கேகாலை பஸ் நிலையத்தில் ஏற்றிவிட்டேன். பஸ் கிளம்பியபோது அவள் தலை இருக்கையில் பின்னால் சாய்ந்தது. நான் தரையில் நின்றேன், எனக்கு ஒன்றும் அசையவில்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

பிரிவைப் பற்றி நான் நினைத்திருந்ததெல்லாம் தப்பு. அவள் இல்லாத வீட்டுக்கு மூன்று வாரத்தில் பழகிவிட்டேன். ஒரே சீரான பிரிவில் மனிதன் சமைக்கிறான், சாப்பிடுகிறான், மழைக்கு முன் துணியை எடுக்கிறான். மாதக் கடைசி வெள்ளிக்கிழமைதான் பொல்லாதது. அவள் வருவாள். உடம்பு முன்னால் பாயும். ஞாயிற்றுக்கிழமை போவாள். அத்தனையும் பின்னால் இழுபடும். பாத்திரம் கழுவும்போது அவள் பாட்டு முணுமுணுத்தது காதில் நிற்கும். நாலைந்து நாளில் அடங்கும். அடங்குவதையும் நான் வெறுத்தேன்.

போன மாதம் வந்திருந்தாள். படிப்பு முடியப்போகிறது. நியமனத்துக்கு விருப்பமான மூன்று இடங்களை எழுதித்தரச் சொல்லி ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். மேசையில் அது கிடந்தது. அவள் பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒன்னு சொல்லணும். அன்னைக்குப் பால் ஒறைஞ்சத நான் ஞாயித்துக்கிழமையே பாத்துட்டேன்."

கத்தி நிற்கவில்லை. "தெரியும்."

"எப்படி?"

"பதினெட்டு வருஷமா பால் ஸ்டோர்ல நிக்கிற மனுசனுக்கு, பால் ஒறையும்ங்கறது வியாழக்கிழமைதான் தெரியவந்துச்சாக்கும்." காயை ஒதுக்கிவைத்தாள். "நீங்க சொன்னப்ப ஒங்க மூஞ்சியப் பாத்தேன். கண்டுபிடிச்ச ஆளோட மூஞ்சி இல்ல அது."

"கோவம் வரலயா?"

"வந்துச்சு. கண்டி போய்ச் சேர்ற வரைக்கும் இருந்துச்சு."

"அதுக்குப் பிறகு?"

"பசிச்சுச்சு."

இருவரும் சிரித்தோம். சிரிப்பு முடிந்த பிறகு அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"போகாதன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க."

"சொல்லியிருந்தா நின்னிருப்பியா?"

"இல்ல. ஆனா சொல்லியிருக்கலாம். நம்மளையும் ஒரு ஆளு போகவேணாம்னு கேட்டாருன்னு மனசுல வச்சிக்கிட்டுப் போயிருப்பேன்" என்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள். "இப்பக் கேக்குறேன். ஒங்களுக்கு என்ன வேணும்?"

"நீ இங்க வரணும்."

இவ்வளவுதான் வாக்கியம். இதைச் சொல்ல எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

அவள் தலையாட்டிக்கொண்டு முதல் கோட்டில் எங்கள் வலயத்தை எழுதினாள். அழகான, நிதானமான எழுத்து. இரண்டாவது கோட்டில் மலைநாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றின் பெயர். கல்லூரியிலிருந்து படிப்பித்துப் பழக அவளை அனுப்பிய இடம். அங்கே ஒரு ஆய்வுகூடம் உண்டு, கருவிகள் உண்டு, உயர்தரத்துக்குத் தமிழில் விஞ்ஞானம் படிக்கும் பொம்பளைப் பிள்ளைகள் முப்பது பேர் உண்டு என்று முந்தின மாதமே சொல்லியிருந்தாள். அந்தப் பெயரை எழுதும்போது அவள் கை ஓடியது.

அதைப் பார்த்தேன். இந்தமுறை நாள் கடத்தவில்லை.

"ரெண்டாவது எடந்தான் ஒனக்குப் பிடிச்சிருக்கு" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள்.

"ஆமாங்க" என்றாள்.

பிழை வந்தால் மாற்றி எழுதவென்று அவளிடம் இன்னொரு வெற்றுப் படிவம் இருந்தது. அதை எடுத்து அவள் பக்கமாக நகர்த்தி வைத்தேன். அதன் முதல் கோட்டில் விரலை வைத்துக் காட்டினேன்.