நாடாவுக்கு அடியில்

தக்காளிக் கூடையைத் தூக்கித் தலையில வைக்கத் தீர்த்தம்மாளுக்கு இன்னொரு ஆள் வேண்டாம். இண்டூர்ப் பக்கத்துல அப்படியொரு கைகாரி. நாப்பத்தெட்டு வயசு. கர்ப்பப்பையை எடுத்த மறு மாசமே தக்காளிக் காட்டுல குனிஞ்சு நின்னா. "பாரம் தூக்காதீங்கம்மா"ன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னது அவ காதுல ஏறுனாத்தானே!

ஆறு மாசத்துல, தையல் போட்ட இடத்துல எலுமிச்சங்காய் கணக்கா ஒரு புடைப்பு. படுத்தா உள்ள போகும், இருமுனா வெளிய வரும். அவளுக்கு ஒண்ணும் விளங்கல. கர்ப்பப்பையத்தான் எடுத்துட்டாங்களே, அப்புறம் வர்றது எது? வெக்கத்த விட்டு யார்கிட்ட கேக்கறது? தெனமும் காலையில மல்லாந்து படுத்து அதை உள்ள அமுக்கி, மேலேயே பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டிக்குவா. மூணு வருசம் இப்படியே ஓடிச்சு.

போன மாசம் ஒருநாள் அது உள்ள போகவே இல்ல. கல்லாட்டம் நின்னுச்சு. இவளும் விடாம நாடாவை இன்னும் இறுக்குனா, மகராசி! கொஞ்ச நேரத்துல பச்சைப் பச்சையா வாந்தி. புருசன் குப்புராஜ் சோடா வாங்கியாந்தான், ஓமத்தண்ணி காய்ச்சிக் குடுத்தான். குடிச்சதெல்லாம் வெளிய வந்துச்சு. மத்தியானம் வயிறு உப்பி, காத்துகூடப் பிரியல. பயந்துபோயி நூத்தியெட்டுக்குப் போன் போட்டான்.

ஆஸ்பத்திரியில நர்ஸ் யுவராணி முடிச்சை அவுக்க முடியாம நாடாவைக் கத்தரிச்சா. அடியில புடைப்பு கருஞ்சிவப்பா இருந்துச்சு. டாக்டர் வந்து தொட்டுப் பாத்தாரு.

"குடல் மாட்டிக்கிச்சும்மா. உடனே ஆபரேசன் பண்ணணும். அழுகிட்டா உசுருக்கே ஆபத்து."

"குடலா? கர்ப்பப்பை மிச்சம் இல்லைங்களா அது?"

"மிச்சம் எங்கம்மா இருக்கு? தையல் விட்ட வழியா வந்தது உங்க குடலு."

தீர்த்தம்மாள் கத்தரிச்சுப் போட்ட நாடாவையே பாத்தா. சொந்தக் குடலையா இத்தன நாளும் கட்டி வெச்சிருந்தோம்? குப்புராஜ் திருதிருன்னு முழிச்சான்.

"நீ அமுக்கறத நானும் பாத்திருக்கேன் புள்ள. ஆபரேசன் ஆன பொம்பளைங்க அப்படித்தான் போலன்னு இருந்துட்டேன்."

ஒரு சாண் குடலை வெட்டி எடுத்து, உசுரைக் காப்பாத்தி அனுப்புனாங்க.

வூட்டுக்கு வந்த மறுநாள் காலையில, பழக்கத்துல அவ கை தானா வயித்துக்குப் போச்சு. அங்க அமுக்க ஒண்ணுமில்ல. என்ன செய்யறதுன்னு தெரியாம கை அங்கேயே நின்னுச்சு. குப்புராஜ் ஓடியாந்து பக்கத்துல உக்காந்தான்.

"என்ன புள்ள, வலிக்குதா? சொல்லு."

மூணு வருசத்துல அவன் கேட்டது இதுதான் மொதத் தடவ. அவளுக்கு அழுகைதான் வந்துச்சு.