வாய்ப்பூட்டு அக்கா

பல்கலைக்கழகத்தில் அவளுக்கு வாய்ப்பூட்டு அக்கா என்று பெயர். ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடிப்பதைக் கம்பெனிகளிடம் கொண்டுசேர்க்கும் அலுவலகத்தில் வேலை. காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும்வரை கண்டுபிடிப்பு வெளியே கசியக் கூடாது. கசிந்தால் உரிமை கிடைக்காது, எந்தக் கம்பெனியும் தொடாது. அதனால் மாடி மாடியாக ஏறி இறங்கி ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பாள்: "யார்கிட்டயாவது சொன்னீங்களா?" உட்கார்ந்தால் கால் ஆடும். வீட்டிலும் அதே கேள்விதான். "எங்க கல்யாணமே வெளியே தெரியக் கூடாதுன்னு சொன்னவ இவ" என்பான் கணவன்.

அன்று மாலை ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம். பிரிக்கும்போது வலிக்காத காயக்கட்டு. ஒரு பேராசிரியரும் அவருடைய ஆய்வு மாணவியும் செய்தது. கையெழுத்தானதும் விண்ணப்பம் போகும். மாணவிக்கு அந்தக் கம்பெனியிலேயே வேலை. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவளுக்கு ஏதோ உறுத்தியது. மூடிவிட்டுக் கீழே இறங்கினாள்.

கீழ்க்கூடத்தில் மறுநாள் கண்காட்சிக்காகப் பலகைகளை நிறுத்தியிருந்தார்கள். கதவு திறந்து கிடந்தது. வாசலை ஒட்டிய பலகையில் காயக்கட்டு. பசையில் என்ன கலக்கிறது, எவ்வளவு சூட்டில், எல்லாம் வண்ணப் படத்தோடு.

பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.

"ஐயோ அக்கா, தப்புப் பண்ண பிள்ளை மாதிரி நிக்க வச்சுட்டீங்களே" என்றாள் அங்கே நின்ற மாணவி.

"யாராவது பார்த்தாங்களா?"

"யாரும் இல்லக்கா. லிஃப்ட் ரிப்பேருக்கு வந்த அண்ணன் மட்டும். அவர் அப்பாவுக்குக் கால்ல புண்ணாம். எல்லாம் கேட்டார்."

"சொன்னியா?"

"ரெண்டு தடவை."

பேராசிரியர் இதைக் கேட்டுச் சிரித்தார். "இவ்வளவுதானே? ரகசியம் காப்பேன்னு ஒரு தாள் வச்சிருப்பீங்களே. நேத்துத் தேதி போட்டு அந்த ஆள்கிட்ட கையெழுத்து வாங்கிடுங்க."

லிஃப்ட்காரர் முதல் மாடியில் பாதி உடம்பைக் குழிக்குள் விட்டிருந்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார்.

"எங்கம்மா போடணும்? லிஃப்ட் ஓடுதுன்னு போடுற மாதிரிதானே?"

"படிச்சுப் பாருங்க."

"நீங்க சொன்னா சரி. அப்பாவுக்கு எப்பக் கிடைக்கும்?"

அவர் கேட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். அவள் தாளை இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம். பேனாவைக் கொடுங்க."

மாலையில் கம்பெனி வக்கீல் நாற்காலியை இழுக்கும்போதே அதைத்தான் கேட்டார். "வெளியாள் யாருக்காவது தெரியுமா?" பேராசிரியர் ஜன்னலைப் பார்த்தார்.

"ஒருத்தருக்குத் தெரியும்" என்றாள். "இன்னைக்குக் காலையிலிருந்து."

வக்கீல் வெளியே போய்ப் போனில் பேசினார். திரும்பி வந்து உட்காரவில்லை. "வேண்டாம்னுட்டாங்க. மன்னிக்கணும்."

"அரிச்சந்திரனுக்கு அக்காவாப் பொறந்திருக்கீங்க" என்று பேராசிரியர் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

கூடத்தில் மாணவி பலகைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"என் வேலை, அக்கா?"

"போயிடுச்சு."

இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். பிறகு பலகையைப் பிடித்துத் திருப்பினாள். இந்தத் தடவை தனியாக முடியவில்லை, மாணவி எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்தாள்.

லிஃப்ட் வந்து நின்றது. லிஃப்ட்காரர் காதில் போனோடு வெளியே வந்தார். "அப்பா, அந்தக் கட்டைச் செஞ்சவங்களே சொல்றாங்க, கேளுங்க." போனை மாணவியிடம் நீட்டினார்.

மாணவி வாங்காமல் அவளைப் பார்த்தாள்.

வாய்ப்பூட்டு அக்கா வெளிக்கதவைப் பார்த்தாள். வழக்கம்போல் கை அதைச் சாத்தப் போய், பாதியில் நின்றது.

"சொல்லு" என்றாள். "சத்தமாவே சொல்லு."