ஜெர்மனிக்கு மூன்று பரீட்சை

நாய்க்குட்டியின் ஈர ரோமமும் தலைவலித் தைலமும் கலந்தால் ஒரு வாசனை வரும். நானறிந்து அதை முகர்ந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், ஒருவர் என் தாய்மாமா சலீம், இன்னொருவன் நான். ஊட்டியிலிருந்து இறங்கும் பஸ்ஸில், வளைவுக்கு வளைவு குட்டி வாந்தி எடுத்துவிடுமோ என்று பயந்து, சவூதியிலிருந்து கொண்டுவந்திருந்த தைலத்தை மாமா அதன் காதுக்குப் பின்னால் தேய்த்துக்கொண்டே வந்தார். குட்டி வாந்தி எடுக்கவில்லை. நான் எடுத்தேன்.

மாமா சவூதியில் எட்டு வருஷம் ஒரு ஜெர்மன் இன்ஜினியருக்குக் கார் ஓட்டியவர். எங்கள் லெப்பைக்குடிக்காட்டில் வெளிநாடு போன சபுராளிகள் ஊர் திரும்பினால் டேப்ரிக்கார்டர், போர்வை, வாசனைச் சோப்பு கொண்டுவருவார்கள். மாமா ஒரு ஆசையையும் ஒரு புத்தகத்தையும் கொண்டுவந்தார். அந்த இன்ஜினியர் சொந்த ஊரில் வேட்டை நாய் வளர்ப்பவராம். அவரிடமிருந்த பயிற்சிப் புத்தகத்தை மாமா நகலெடுத்து பைண்டு செய்து வாங்கியிருந்தார். உள்ளே இருந்த ஜெர்மன் எழுத்து எங்களில் யாருக்கும் தெரியாது என்பதால் படங்களை மட்டும் படித்தோம்.

"மத்த தேசத்துல ஒரு வேலைக்கு ஒரு நாய். பறவை கெடக்கிற எடத்தக் காட்ட ஒண்ணு, விழுந்தத தேட ஒண்ணு, தண்ணிக்குள்ள எறங்கி எடுத்தார ஒண்ணு. ஜெர்மன்காரன் இருக்கானே, எல்லா வேலையும் ஒரே நாய்கிட்ட வாங்கிடுவான்" என்றார் மாமா. "சவூதியில நம்மள வச்சிருக்கானுவளே, அது மாதிரி."

அதிலும் எந்த நாய் என்று பெரிய ஆலோசனை நடந்தது. நீள முடி வைத்த ஜாதி சித்திரை வெயிலுக்கு ஒரு வாரம் தாங்காது என்று தள்ளுபடி. கம்பி போல முடி, மீசை, புருவமெல்லாம் உள்ள ஜாதி அசப்பில் எங்கள் கணக்கு வாத்தியார் என்பதால் நான் தள்ளுபடி செய்தேன். சாம்பல் நிறமும் வெளிறிய கண்ணுமாய் இருந்ததைப் பார்த்து அம்மா "ஜின்னு மாதிரி முழிக்குது" என்று பக்கத்தைத் திருப்பிவிட்டது. மிஞ்சியது கட்டை முடியும், காப்பிக்கொட்டை நிறமும், உடம்பெல்லாம் புள்ளியும் கொண்டது. ஊட்டிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து மேனேஜரிடம் அந்த ஜாதியில் குட்டி இருப்பதாக யாரோ சொல்ல, பன்னிரண்டு வயதுப் பையன் வீட்டில் இருந்தால் கூரை ஓட்டைப் பிரித்துவிடுவான் என்று என்னையும் துணைக்கு அனுப்பிவைத்தார்கள்.

என்னைப் பற்றி அந்த வீட்டில் அப்படித்தான் அபிப்பிராயம். "துருதுரு" என்பது மற்றவர் பிள்ளைகளுக்குச் செல்லப் பேச்சு, எனக்கு நோயின் பெயர். உட்காரச் சொன்னால் அரை நிமிஷம். கூப்பிட்டால் எதிர்த்திசை. கடைக்குப் போய்த் திராட்சை வாங்கி வந்தால் வீட்டுக்குக் காம்பு வந்து சேரும்.

தேயிலைத் தோட்டத்தில் ஐந்து குட்டிகள் இருந்தன. மாமா ஒரு குச்சியில் நூல் கட்டி, நூல் நுனியில் கோழி இறகைக் கட்டி, அவற்றின் முன்னால் ஆட்டினார். நான்கு குட்டிகள் பாய்ந்தன. அதில் ஒன்று இறகைத் தின்றுவிட்டு நூலையும் தின்ன ஆரம்பித்தது, எனக்கு உடனே அதைப் பிடித்துப்போயிற்று. ஐந்தாவது மட்டும் முன்னங்கால் ஒன்றைத் தூக்கி மடக்கிக்கொண்டு, இறகைப் பார்த்தபடி அசையாமல் நின்றது.

"இவன்தான்" என்றார் மாமா.

"அது பயந்துபோயி நிக்குது மாமா."

"பயந்தது பின்னால போவும். இது நிக்குது பாரு. நிக்கத் தெரிஞ்சதத்தான் எடுக்கணும். ஓடத்தான் எல்லாத்துக்கும் தெரியுமே, ஒனக்குக்கூடத் தெரியும்."

குட்டிக்கு மாமா என்னவோ வாயில் நுழையாத பெயர் வைத்தார். தெருவில் எல்லோரும் அதை "ஜெர்மனி" என்றார்கள், அதுவே நிலைத்தது. ஆனால் ஜெர்மனி நிலைக்குமா என்பதுதான் கேள்வியாகிவிட்டது.

என் அப்பா, எங்கள் பேச்சில் அத்தா, கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தார், வெள்ளாற்றங்கரையில் கொஞ்சம் நிலமும் இருந்தது. குட்டி இருந்த கூடையை வாசலிலேயே நிறுத்தினார். "வூட்டுல நாய் இருந்தா வானத்துலேர்ந்து மலக்கு எறங்கி வரமாட்டாங்க. தெரியுமா தெரியாதா ஒனக்கு?"

"வேட்டைக்கும் வெள்ளாமைக் காவலுக்கும் வச்சுக்கலாம்னு மார்க்கத்துலயே இருக்கே மச்சான்" என்றார் மாமா.

"வேட்டையா? துப்பாக்கி வச்சிருக்கியா? சட்டந்தான் வுடுமா?"

"சுடப் போறது யாரு? இது வேட்டை நாயா இல்லியா, அதத்தான கேக்கிறீங்க."

வழக்கு பள்ளிவாசல் அஜரத்திடம் போயிற்று. இமாமான அவர் அதிராமல் பேசுகிற மனிதர். படித்த நாய்க்கு அடையாளம் மூன்று என்றார். "ஏவினா போவணும். கூப்பிட்டா வரணும். புடிச்சதத் தின்னாமக் கொண்டாரணும். இது மூணும் இருந்தா அது வேட்டை நாய். இல்லாட்டி நீங்க சும்மா ஷோக்குக்கு வச்சிருக்கீங்கன்னு அர்த்தம்."

அத்தா கெடு வைத்தார். பருத்தி வெடிக்கும்வரை ஜெர்மனி வயலில் மோட்டார் கொட்டகையில் இருக்கலாம். அப்புறம் அஜரத் நேரில் வந்து மூன்றையும் பார்ப்பார். தவறினால் அது அரியலூருக்குப் போகும், ஒரு பருத்தி வியாபாரி குடோனுக்கு நாய் கேட்டுக்கொண்டிருந்தார். அங்கே வாசலில் சங்கிலி.

மூன்றாவது வாரம் மாமாவுக்குப் புது விசா வந்துவிட்டது. புத்தகத்தை என் கையில் கொடுத்து, "வரிசையா செய்யி, தாண்டித் தாண்டிப் போவாத" என்று சொல்லிவிட்டுப் பிளேன் ஏறிப் போய்விட்டார். வரிசையாகத்தான் செய்தேன். முதல் படத்தில் ஒரு நாய் வாயில் வாத்தைக் கவ்வியபடி எஜமான் எதிரில் உட்கார்ந்திருந்தது. பழைய காலுறையில் பருத்தியைத் திணித்து, சேவல் இறகு சுற்றி, எறிந்து எறிந்து எடுத்துவர வைத்தேன். பிறகு காலுறைக்குள் கோழிக்கால். ஜெர்மனி அதை முட்டையைப் போலக் கவ்விக்கொண்டு வந்து, நான் வாங்கும்வரை வைத்திருக்கும். எறிந்த பிறகு பத்து எண்ணி அதை அனுப்ப வேண்டும் என்பது மாமா சொன்ன விதி. நான் நாலு எண்ணுவதற்குள் நானே ஓடிப்போய் எடுத்துவிடுவேன். நாய் உட்கார்ந்த இடத்திலிருந்து என்னைப் பார்க்கும். அதன் எச்சில் பட்டதற்காக அம்மா ஏழு முறை கை கழுவ வைக்கும், அதில் ஒரு முறை மண் போட்டு. ஒரு நாளைக்கு மூன்று தடவை என்று அந்தப் பருவத்தில் என் கைகளுக்கு மட்டும் எனக்கு முன்னால் வயதாகிவிட்டது.

பரீட்சைக்கு ஒரு வாரம் முன்னால் மாமா பேசி அனுப்பிய கேசட் வந்தது. கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து கேட்டோம். உடம்பு, வெயில், முதலாளி அரபாபு எல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியில் மாமா சொன்னார்: "மொதப் பாடம் கூப்பிட்டா வர்றது. அத இந்நேரம் நல்லாப் படிச்சிருக்கும். அதான் அஸ்திவாரம்."

நான் ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்தேன். ஒரு ஆள் கையை விரித்து மண்டியிட்டிருக்க, குட்டி அவனை நோக்கி ஓடிவரும் படம் கடைசியில் இருந்தது. சினிமா மாதிரி நல்ல முடிவு என்று நான் ரசித்துவைத்திருந்த படம். சவூதி பைண்டிங் கடைக்காரன் அரபிப் புத்தகத்தைத் தைப்பது போல வலப்பக்கம் தைத்திருக்கிறான். பக்க எண்கள் நகலில் வெட்டுப்பட்டுப் போயிருந்தன. நான் தமிழ்ப் புத்தகம் போலப் பிரித்து, கடைசிப் பாடத்திலிருந்து முதல் பாடத்துக்குப் பின்னோக்கி வந்துகொண்டிருந்திருக்கிறேன். ஜெர்மனிக்குப் பட்டப்படிப்பு முடிந்துவிட்டது, அரிச்சுவடி தெரியாது. அந்த மாலை நான் பதினெட்டு தடவை கூப்பிட்டேன், ஒரு தடவை வந்தது, அதுவும் நான் கோழிக்கால் வைத்திருந்ததால்.

மறுநாளிலிருந்து அத்தா, மோட்டார் பெல்ட் சரியில்லை என்று, விடியற்காலைச் சுபுஹு தொழுகை முடிந்ததும் வயலுக்குப் போக ஆரம்பித்தார்.

பரீட்சை நாளில், மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, கொட்டகை ஓரப் பூவரச மரத்தடியில் அஜரத் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவருக்கென்று அம்மா ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் கொடுத்தனுப்பியிருந்தது. அதை என் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அறுத்த கோழி ஒன்றை அத்தா சோளத்தட்டைக்குள் மறைத்துவைத்தார். ஏவினேன், போயிற்று. கவ்வி வந்து, என் எதிரில் உட்கார்ந்து, நான் வாங்கும்வரை ஒரு பல் பதியாமல் வைத்திருந்தது. "மாஷா அல்லாஹ்" என்றார் அஜரத். இரண்டு தேறியது.

மிச்சம் ஒன்று. பருத்திக்குள் அனுப்பி, பாதியில் கூப்பிட வேண்டும். அத்தா குச்சியால் ஒரு கோடு கிழித்து, "இதத் தாண்டக் கூடாது" என்று என்னை அதில் நிறுத்தினார். ஜெர்மனி பருத்தி ஓரம் வரை போய், சட்டென்று முன்னங்காலைத் தூக்கி மடக்கி, கல்லாக நின்றது. உள்ளே கௌதாரி இருக்க வேண்டும். கூப்பிட்டேன். காது மட்டும் ஆடியது. மறுபடி கூப்பிட்டேன். என் கண் முன்னால் குடோன் வாசல் சங்கிலி வந்து நின்றது, உள்ளங்கால் நமநமத்தது, ஒன்று இரண்டு மூன்று எண்ணினேன், நாலாவதில் கோட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தேன். கௌதாரிகள் படபடவென்று கிளம்பின. நாயைப் பிடிக்கப் போனவன் அதை மறந்து, கௌதாரிகளுக்குப் பின்னால் வரப்பு, பக்கத்துக் கொல்லை, முள்வேலி என்று ஆற்று மணல் வரைக்கும் ஓடினேன். "டேய், வாடா இங்க" என்று அத்தாவின் குரல் மூன்று முறை கேட்டது. நன்றாகவே கேட்டது.

காலில் முள்ளோடு திரும்பி வந்தபோது, அத்தாவின் காலுக்கு ஒரு முழம் தள்ளி ஜெர்மனி உட்கார்ந்திருந்தது. அவர் போட்ட முதல் சத்தத்திலேயே வந்துவிட்டதாம். அந்த ஒரு வாரத்தில் பெல்ட்டோடு சேர்த்து அவர் வேறென்ன சரிசெய்தார் என்று அப்போதுதான் புரிந்தது. நானும் அதே சத்தத்துக்குத்தான் வரவில்லை.

"அம்மா அஜரத்துக்குக் குடுத்தது எங்க?" என்றார் அத்தா.

பைக்குள் கையை விட்டேன். கொட்டைகள் இருந்தன. பரீட்சை தொடங்குமுன் பதற்றத்தில் ஒவ்வொன்றாய் உள்ளே போயிருக்கிறது.

அஜரத் மூன்று விரல்களை மடக்கி எண்ணினார். "ஏவாமலே போறான். கூப்பிட்டா வரல. கொண்டாந்ததத் தின்னுட்டான்" என்றார். "நாய் படிச்சிருச்சு பாய். புள்ளதான் இன்னும் படிக்கல."

பத்தாம் நாள் என்னைத் திருச்சியில் ஹாஸ்டலில் சேர்த்தார்கள். ஜெர்மனி வயலில் இருந்துகொண்டது. அந்த வீட்டிலிருந்து ஒருவர் வெளியேறியாக வேண்டும் என்று இருந்தது, தகுதி அடிப்படையில் தேர்வு நடந்தது, எனக்கு அதில் புகார் இல்லை.

முதல் லீவில் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வயலுக்குத்தான் ஓடினேன். ஜெர்மனி என்னைக் கண்டதும் பாய்ந்து வரவில்லை. முன்னங்காலைத் தூக்கி மடக்கிக்கொண்டு, என்னைப் பார்த்தபடி நின்றது. மறந்துவிட்டது என்று நினைத்து அழுகை வந்தது.

"மறக்கல" என்றார் அத்தா, வாய்க்காலில் மடை திருப்பியபடி. "பறந்துடும்னு தோணினா அப்படித்தான் நிக்கும்."

நாய் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு எந்த ஊரிலும் நான் ஒரு வாடகை ஒப்பந்தத்தை முழுசாக முடித்ததில்லை. மாமாவுக்கு இருந்த விசாக்களைவிட எனக்கு வேலைகள் அதிகம். இந்தக் கட்டுரையையே மூன்று நாற்காலிகளில் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன்.

போன மாதம் வயலுக்குப் போனேன். ஜெர்மனி போய்ச்சேர்ந்து முப்பது வருஷத்துக்கு மேல், அத்தா போய் ஒன்பது. மோட்டார் கொட்டகை இருந்த இடத்தில் ஒரு கம்பத்தில் தகரப் பெட்டி மட்டும் இருக்கிறது, பருத்தி இருந்த இடமெல்லாம் மக்காச்சோளம், கௌதாரிக் குரல் ஒன்றும் இல்லை. கோடு கிழித்த இடம் உத்தேசமாகத் தெரிந்தது. அதில் நின்று, பத்து எண்ணிவிட்டுத்தான் நகர்வது என்று முடிவு செய்தேன். ஆறு வரை வந்தேன். நாற்பது வருஷத்துக்கு இரண்டு எண் முன்னேற்றம். அதற்குள் சோளத்துக்குள் ஏதோ சலசலத்தது, கால் தானாகக் கோட்டைத் தாண்டிப் போய்விட்டது.

பின்னாலிருந்து யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் இந்த முறை திரும்பியிருப்பேன்.